துக்கநாள் வீணை

என் வீணையை இந்த ஊர் முழுவதும் கேட்டிருக்கிறது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்த நேரத்தில் வீட்டில் பால் இருக்கிறதா, பஸ் ஓடுமா, கடையை எப்போது திறப்பார்கள் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்திருப்பீர்கள். வாசிப்பது யார் என்று விசாரிக்கத் தோன்றியிருக்காது. அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய்.

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்தபோது, வானொலி நிலையத்தில் இளைஞர்களுக்கான நிகழ்ச்சி ஒன்றில் அரைமணி நேரம் வாசிக்க வாய்ப்புக் கிடைத்தது. அன்றைக்குப் பார்த்து மிருதங்கம் வாசிக்க வேண்டியவருக்கு அம்மை போட்டிருந்தது. ஸ்டுடியோ நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும், தாளம் தேவைப்படாததாக ஏதாவது வாசியுங்கள் என்றார்கள். சுபபந்துவராளியில் ஆலாபனையும், தாளமில்லாமல் நடை மட்டும் உள்ள தானமும் வாசித்தேன். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் என் அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு, பரீட்சை எழுதுவது தானே என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். வீணை வாசிக்கத் தெரியாது, கேட்கத் தெரியும். ரேடியோவில் மகளின் பெயரைச் சொல்லி, அதற்குப் பிறகு வீணை வர வேண்டும், அதைத் தெருவே கேட்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. வேறு ஆசைகளை அம்மா அனுமதித்ததில்லை என்பதும் ஒரு காரணம்.

மிருதங்கம் இல்லாத ஒலிநாடாவைச் சாதாரண நாளில் எந்த நிகழ்ச்சியில் போடுவது? மாதங்கள் போயின. நாங்கள் மறந்தே போனோம். அப்புறம் ஒரு நாள் தில்லியில் பிரதமரைச் சுட்டுவிட்டார்கள். கடைகள் மூடின. எல்லோரும் ரேடியோவின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். செய்திக்குப் பிறகு ஒரு வீணை மெல்ல ஆரம்பித்தது. தாளம் இல்லாத, சோகமான, யார் மனதையும் புண்படுத்தாத வீணை. ஒரு நாடு துக்கம் கொண்டாட அதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்?

"இது நம்மாத்து வீணைடீ!" என்று அப்பா துள்ளி எழுந்தார்.

அம்மா கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "கத்தாதேங்கோ, நாலு பேர் காதுல விழப்போறது" என்று ஜன்னலைச் சாத்தினாள். அப்பா அடங்கவில்லை. பக்கத்து வீட்டுத் தொலைபேசியிலிருந்து கே.கே. நகரில் இருந்த தன் அண்ணாவைக் கூப்பிட்டு ரேடியோவைப் போடச் சொன்னார். "போட்டுண்டுதான் இருக்கோம். நாடே அழுதுண்டிருக்கு, உனக்கு மட்டும் என்னடா இவ்வளவு சந்தோஷம்?" என்று பெரியப்பா கேட்டாராம். திரும்பி வந்த அப்பா முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ள மிகவும் சிரமப்பட்டார். ஆனால் ரேடியோவில் என் பெயரை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. துக்கத்தில் வாசிப்பவர் பெயரைச் சொல்லும் வழக்கமில்லை.

அன்றிலிருந்து என் ஒலிநாடாவுக்கு நல்ல காலம். பெரியவர்கள் யார் போனாலும் அதைப் போட்டார்கள். சில ஆண்டுகளில் மாநிலத்தின் முதலமைச்சர் மறைந்தபோது நாள்கணக்கில் நான்தான் வாசித்தேன். பட்டம் வாங்கிய வித்வான்களுக்குக்கூட அத்தனை நேரம் ரேடியோவில் கிடைத்திருக்காது.

விபரீதம் என்னவென்றால், ஊர் அந்த வாசிப்புக்குப் பழகிவிட்டது. மயிலாப்பூரில் எங்கள் வீடு ஒரு சந்தில், மாடியில் இருந்தது. ஜன்னலுக்கு நேர் கீழே ஒருவர் இஸ்திரி வண்டி வைத்திருந்தார். ஒரு நாள் காலை சாதகம் செய்யும்போது அதே ராகத்தை எடுத்தேன். தானம் பாதியில் இருக்கும்போது கீழே கலவரம். எட்டிப் பார்த்தால் இஸ்திரிக்காரர் கரியை அணைத்துவிட்டுத் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். கீரை விற்பவள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். சந்து முனையில் மளிகைக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.

"இன்னாம்மா, யாரு பூட்டாங்கோ?" என்று இஸ்திரிக்காரர் மேலே பார்த்துக் கேட்டார்.

அப்பா துண்டைக்கூடப் போடாமல் கீழே ஓடினார். "யாரும் போகலைப்பா! என் பொண்ணு சாதகம் பண்றா!"

"அட இன்னா சார் நீங்க! ரேடியோவோன்னு நெனச்சிக்கினேன். இந்த வீணை கேட்டா கடைய மூடணும்ல?" என்று அவர் மறுபடி கரியைப் பற்றவைக்கலானார். மளிகைக் கடைக்காரர் அன்று முழுவதும் நம்பவில்லை. சாயங்காலச் செய்தியைக் கேட்ட பிறகுதான் ஷட்டரை முழுதாகத் தூக்கினார்.

மாடிக்கு வந்த அப்பா, "இந்த ராகத்தை மட்டும் ஆத்துல வாசிக்காதே, கொழந்தே" என்றார். அவர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அதை நான் வாசிக்கவில்லை.

தொண்ணூறு பிறந்ததும் எனக்கு மாப்பிள்ளை தேடும் படலம் சூடுபிடித்தது. அடையாறில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். தியாகராய நகரிலிருந்து ஒரு குடும்பம் பார்க்க வந்தது. மாப்பிள்ளைக்கு வங்கியில் வேலை; பேச்சு குறைவு. அந்தக் குறையை அவருடைய அம்மா நிவர்த்தி செய்தார். காலை எழுந்ததிலிருந்து ரேடியோ கேட்பவர். என் அம்மா முன்பே எச்சரித்திருந்தபடி நான் ஹம்ஸத்வனியை வாசித்தேன், அதுவும் ரயிலைப் பிடிக்கப் போவதுபோல.

"பொண்ணு ரேடியோல வாசிக்கறாளாமே? எப்போ போடுவா? சொன்னேள்னா நாங்க கேப்போம்" என்றார் என் வருங்கால மாமியார்.

அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு உண்மையையே சொன்னார். "முன்கூட்டித் தெரியாது மாமி. திடீர்னுதான் போடுவா."

"அதுவும் சரிதான், சர்க்கார் காரியம்" என்றார் அவர். துக்கத்துக்கு மட்டும் வாசிக்கும் பெண்ணை யார் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போவார்கள் என்பது எங்கள் பயம். அந்த மாமி சகுனம் பார்ப்பதில் கெட்டிக்காரி என்று தரகர் சொல்லியிருந்தார். இது வெளியே தெரிந்தால் சம்பந்தம் போயிற்று. எனவே என் புகழை எங்கள் குடும்பம் பூட்டிவைத்தது.

மறு வருஷம் வைகாசியில் கல்யாணம். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மண்டபம். முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு பிரமாதமாக நடந்தது. நாகஸ்வரக்காரர்கள் பூந்தமல்லிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். விடிவதற்குள் வந்துவிடுகிறோம் என்று சொல்லி வீட்டுக்குப் போனார்கள். விடிந்தபோது பால் வண்டி வரவில்லை, பூக்காரி வரவில்லை, மேளமும் வரவில்லை. தேர்தல் பிரசாரத்துக்கு வந்திருந்த முன்னாள் பிரதமரை ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வைத்துக் கொன்றுவிட்டார்கள் என்று சமையல்காரர்தான் வந்து சொன்னார். எங்கள் மேளக்காரர்கள் வர வேண்டியது அதே சாலை.

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கல்யாணத்தைத் தள்ளிப்போடலாமா என்றார் ஒருவர். வாத்தியார், "அவருக்கும் நமக்கும் தீட்டு உண்டோ? இல்லையே! முகூர்த்தம் முகூர்த்தம்தான்" என்று தீர்ப்புச் சொன்னார். நான் மடிசார் கட்டிக்கொண்டு ஒரு அறையில் உட்கார்ந்திருந்தேன். அந்த நல்ல மனிதரின் மரணத்துக்காக எனக்குத் துக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு பயம் இருந்தது. ரேடியோ நிலையத்தில் இந்நேரம் எந்த ஒலிநாடாவை எடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

மண்டப வாசலில் கட்சிக்காரர்கள் சிலர் வந்து கதவைத் தட்டினார்கள். காவலாளி பாதிக் கதவைத் திறந்தார்.

"தலைவரு செத்துக் கெடக்காரு, உள்ள இன்னா கொண்டாட்டம் நடக்குது? மேளம் கீளம் சத்தம் கேட்டுது, அப்புறம் நடக்கறதே வேற."

அடிப்பதற்கு மேளமே இல்லை என்று காவலாளி சத்தியம் செய்தார். அவர்கள் நம்பிக்கொண்டு போய், மண்டபத்துக்கு எதிரிலேயே ஒரு மேஜையைப் போட்டுப் படத்தை வைத்து மாலை சாத்தினார்கள். அத்தோடு விட்டார்களா? ஒரு ரேடியோவைக் குழாய் ஸ்பீக்கரில் இணைத்து, அதன் வாயை மண்டபத்துப் பக்கம் திருப்பிவைத்தார்கள்.

ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தோம். பெண்கள் லாலியை வெளியே கேட்காமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது குழாய் ஸ்பீக்கரிலிருந்து என் ஆலாபனை கிளம்பி மண்டபத்துக்குள் வந்தது. அத்தனை பெரிய ஒலியில் அதை நான் கேட்டதில்லை. என் விரல்கள் தானாகவே மடிசாருக்குள் அசைந்தன.

பக்கத்தில் இருந்தவர் முதன்முறையாக என்னிடம் பேசினார். "வாசிக்கறது யாருன்னு தெரியலை. கை ரொம்ப நன்னாருக்கு."

என் வாசிப்பைப் பற்றி வெளியார் சொன்ன முதல் பாராட்டு அது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். புதுப் பெண்ணுக்கு வெட்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

தாலி கட்டும் நேரம் வந்தது. எங்களில் பெண் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் தாலி கட்டுவார்கள். அந்த நொடியில் தும்மலோ அபசகுனமான வார்த்தையோ காதில் விழாதிருக்கத்தான் கெட்டிமேளம். இங்கே மேளமும் இல்லை. காதில் விழுந்துகொண்டிருந்ததோ தும்மலைவிட மோசம். ஒலிநாடாவை மறுபடி போட்டிருந்தார்கள்; ஆலாபனை முடிந்து தானம் ஆரம்பித்திருந்தது. மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"அந்தப் பொண வீணை காதுல விழப்படாது! சமையக்கட்டுல சொல்லுங்கோ, அண்டாவைத் தட்டட்டும்! அண்டா தட்டறதை யார் தடுக்க முடியும்?"

சமையல்காரர்கள் கரண்டியும் ஜல்லிக்கரண்டியுமாக வந்து நின்றார்கள். வாத்தியார் கையைத் தூக்கினார். என் அப்பா அடித் தொண்டையில் கத்தினார், "அடிங்கோ! பலமா அடிங்கோ! இன்னும் பலமா!"

அண்டாவும் தாம்பாளமும் இட்லிக் குண்டானும் சேர்ந்து எழுப்பிய சத்தத்தில் என் வீணை செத்தது. ஆனால் அப்பாவின் வலது கை என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தது. வாய் இன்னும் பலமாக அடிக்கச் சொல்லிக்கொண்டிருக்க, அவருடைய விரல்கள் என் தோளில் அந்தத் தானத்தின் நடையைத் தட்டிக்கொண்டிருந்தன. ஒரு பிடிகூடத் தப்பவில்லை. மனப்பாடமாக வைத்திருந்திருக்கிறார். நான் அழுதேன். அதற்கும் ஒரு நல்ல காரணத்தைக் கூடியிருந்தவர்கள் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

விருந்தினர் வராததால் சமைத்தது மிஞ்சியது. தெருவில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள் வந்து சாப்பிட்டார்கள். பிறகு மேஜை போட்டவர்களும் வந்தார்கள். பால் பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டவர், வாசலில் வந்து மிரட்டியவர்தான்.

தியாகராய நகர் வீட்டில் மாமியார் என்னை நன்றாகத்தான் வைத்துக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு நாளும், "உன் வீணை இன்னும் வரலையே?" என்று கேட்பார். "வராம இருக்கறதே நல்லதும்மா" என்பேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார். தேசத்தில் யாராவது பெரியவர் காலமானால், காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தாலும் ஓடிப்போய் ரேடியோவை நிறுத்துவேன். துக்கம் தாங்கவில்லை என்று சொல்லுவேன். யார் யாருக்காகவோ நான் உருகுவதைப் பார்த்துக் கணவர் ஆச்சரியப்பட்டார்.

அப்பாவுக்கு மட்டும் ஆசை போகவில்லை. ஓய்வு பெற்றுவிட்டார். ஒருமுறை என்னைப் பார்க்க வந்தவர், கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "பேரைச் சொல்லி ஒரு தடவை கேட்டுட்டேன்னா போறும்" என்றார். அதற்காகவே மறுபடி ஆடிஷனுக்குப் போனேன். பெயருக்காக அல்ல, அவருக்காக என்று சொல்லிக்கொண்டேன். இரண்டுக்கும் இடையே எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தேர்வானேன். மார்கழியில் ஒரு மாலை, மிருதங்கத்தோடு, பெயரோடு, அரைமணி நேரம் ஒலிபரப்பாகும் என்று கடிதம் வந்தது.

மாமியார் அடுக்குமாடியில் இருந்த எல்லா மாமிகளையும் அழைத்துச் சுண்டல் செய்துவைத்தார். மயிலாப்பூரில் அப்பா இஸ்திரிக்காரரிலிருந்து மளிகைக்காரர் வரை அனைவருக்கும் சொல்லிவைத்து, ரேடியோவை ஜன்னலோரம் திருப்பி வைத்துவிட்டு, வேட்டி மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு முன்னாள் ஜனாதிபதி காலமாகிவிட்டார். அவர் பாவம், எவ்வளவோ நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தவர். எனக்காகத் தள்ளிப்போட முடியுமா?

வழக்கமான நிகழ்ச்சிகள் ரத்து செய்யப்பட்டன என்று அறிவிப்பாளர் சொன்னார். பிறகு தாளமில்லாமல், பெயரில்லாமல், என் வீணை மெதுவாகத் தொடங்கியது. என்னை நிறுத்திவிட்டு என்னையே போட்டார்கள்.

ஓடிப்போய் அணைக்க என்னால் முடியவில்லை. சுற்றிலும் சுண்டலோடு மாமிகள். மாமியார் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"இதைக் கேட்டிருக்கேனே... உங்க கல்யாணத்தன்னிக்கு..."

"ஆமாம்மா" என்றார் என் கணவர். அவர் ரேடியோவைப் பார்க்கவில்லை. மடியில் அசைந்துகொண்டிருந்த என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவதான்."

மாமிகள் போன பிறகு மாமியார் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே, "நன்னாத்தான் வாசிச்சிருக்கே. ஆனா வெளியில சொல்லிண்டு திரியாதே" என்றார். அதோடு விட்டார். எத்தனை வருஷம் பயந்திருந்தேன், அது இப்படிச் சுண்டல் பாத்திரத்தோடு முடிந்தது.

அப்பாவுக்குத் தொலைபேசி செய்தேன். "போகட்டும் விடு. வாசிச்சது நீதானே" என்றார். இஸ்திரிக்காரர் கடையை மூடிவிட்டாராம். ரத்தான நிகழ்ச்சியைப் பிறகு போடுவதாகச் சொன்னார்கள்; ஒரு மதியம், அப்பா கண் ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில் போட்டுவிட்டார்கள். எங்கள் யாருக்கும் தெரியாது.

அவர் போனது ஒரு மே மாதத்தில், மத்தியானத் தூக்கத்தில். அன்று சாயங்காலம் ராஜஸ்தான் பாலைவனத்தில் அணுகுண்டு வெடித்துச் சோதித்தோம் என்று அரசாங்கம் அறிவித்தது. என் கல்யாணத்தன்று அழுத தேசம், என் அப்பா செத்த அன்று பட்டாசு வெடித்தது. சந்து முனையில் லட்டு விநியோகம். கட்சித் துண்டு போட்ட ஒருவர் லட்டுப் பெட்டியோடு ஒவ்வொரு வீடாக ஏறிக்கொண்டு வந்தவர், எங்கள் மாடிக்கும் வந்துவிட்டார். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தோம். அந்த மனிதருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பெட்டியைச் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கைகூப்பினார். வெளியூரிலிருந்து உறவினர் வருவதற்காகக் காலைவரை வைத்திருக்க வேண்டியிருந்தது; ஐஸ் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனதும் அவர்தான்.

கூடத்து மூலையில் என் பழைய வீணை உறை போட்டு நின்றது. துக்க வீட்டில் வீணையைத் தொடக்கூடாது. தேசத்துத் துக்கத்துக்கு வீணை இல்லாமல் முடியாது. வீட்டுத் துக்கத்துக்கு வீணையே கூடாது. இரண்டு சட்டங்களுக்கும் நான் கட்டுப்பட்டவள். முகம் பார்த்திராத தலைவர்களுக்கெல்லாம் வாசித்தவள், என் அப்பா கிடந்த கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஆத்திரம் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை.

பதின்மூன்றாம் நாள், தீட்டைக் கழித்து வீட்டில் மங்கலம் சேர்க்கும் சுபம் முடிந்து, உறவினர் கிளம்பிப் போனார்கள். மாலை நாலு மணி வெயில். அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். என் மாமியார் எழுந்துபோய், யாரையும் கேட்காமல், வீணையின் உறையைக் கழற்றினார்.

"வாசி. அந்த ரேடியோ வீணையையே வாசி."

"சுபத்தன்னிக்கா, அம்மா?"

"அவருக்கு வாசிக்காம வேற யாருக்கு வாசிக்கப் போறே?" என்றார். சகுனம் பார்ப்பதில் கெட்டிக்காரி.

சுருதி கலைந்திருந்தது. சேர்த்துக்கொண்டு, அந்த வீட்டில் அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு சுபபந்துவராளியை எடுத்தேன். ஆலாபனை முழுதாக வாசித்தேன். தானம் வந்தபோது தோளில் யாரும் தட்டவில்லை. அதனால் ஓரிரு இடத்தில் பிடி தப்பியது.

ஜன்னலோரம் போய் நின்ற அம்மா கீழே பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, மூட்டை கட்டறே? ரேடியோ இல்லைப்பா, என் பொண்ணு வாசிக்கறா" என்றாள்.

"தெரியும்மா" என்றது இஸ்திரிக்காரரின் குரல். "ஐயா பூட்டாருல்ல."

நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். கரியில் தண்ணீர் ஊற்றும் சத்தமும், வண்டியைச் சுவரோரம் தள்ளும் சத்தமும் கேட்டன. மயிலாப்பூரில் அன்று மூடிய கடை அது ஒன்றுதான்.